கூட்டம் கேட்டது, அலுவலகம் கொடுத்தது

திருப்பூரில் வன்கொடுமை வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் 2025 நவம்பர் இறுதியில் ஒரு தீர்ப்பு சொன்னது. அவிநாசி வட்டாரம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சத்துணவு சமையலரைச் சமைக்க விடாமல் தடுத்த வழக்கு அது. ஆறு பேருக்குத் தலா இரண்டு ஆண்டு சிறை. 25 பேர் விடுதலை. சம்பவம் நடந்தது 2018 ஜூலையில். தீர்ப்பு வர ஏழு ஆண்டும் நான்கு மாதமும் ஆகியிருக்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து முடிந்தவரை இரண்டு மாதத்துக்குள் வழக்கை முடிக்க வேண்டும் என்பது இதே சட்டத்தின் 14ஆம் பிரிவு.

தீர்ப்பு வந்த அன்று பலரும் பேசியது தண்டனை குறைவா, போதுமா என்பதைப் பற்றித்தான். அது பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் இந்த வழக்கில் அதிகம் பேசப்படாத ஒரு காகிதம் இருக்கிறது. அந்தச் சமையலரை வேறு பள்ளிக்கு மாற்றி ஒன்றிய அலுவலகம் போட்ட இடமாற்ற உத்தரவு. நாம் இன்று பேச நினைப்பது அதைப் பற்றி.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். அந்தப் பெண் புதிதாக வேலைக்கு வந்தவர் அல்ல. பல ஆண்டுகளாகச் சத்துணவு மையங்களில் சமைத்துவந்தவர். சொந்த ஊர்ப் பள்ளியில் இடம் காலியானதும் அங்கே மாறுதல் கிடைத்து வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளியில் திரண்டார்கள். அவரை அங்கிருந்து மாற்று என்றார்கள். ஒன்றிய அலுவலகம் மாற்றியது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி உள்ளிட்ட அமைப்புகள் போராட்டத்தில் இறங்கின. சில நாட்களுக்குள் சப் கலெக்டர் தலையிட்டு உத்தரவை ரத்து செய்தார்; சமையலர் அதே பள்ளிக்குத் திரும்பினார். சேவூர் காவல் நிலையத்தில் 80க்கும் மேற்பட்டவர்கள் மீது வழக்குப் பதிவானது. அன்று அவர் பெயரும் படமும் நாடெங்கும் வந்தன. இங்கே அதைத் திரும்ப அச்சிட வேண்டியதில்லை. அவர் சமைக்க வந்தவர், செய்தியாக வந்தவர் அல்ல.

இதில் ஒரு காலக் கணக்கும் இருக்கிறது. 2018 மார்ச் 20ஆம் தேதி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கும் தீர்ப்பொன்றை உச்ச நீதிமன்றம் வழங்கியிருந்தது. முதல்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு மேலதிகாரியின் அனுமதி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை. ஏப்ரல் 2ஆம் தேதி நாடு தழுவிய பந்த் நடந்தது. அந்த நிபந்தனைகளை நீக்கி நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது ஆகஸ்ட் மாதம். திருமலைக்கவுண்டன்பாளையம் சம்பவம் இந்த இரண்டுக்கும் நடுவில், சட்டம் கை கட்டப்பட்டு நின்ற ஜூலையில் நடந்தது. அந்த நேரத்தில் வழக்குப் பதிவானதே போராட்டத்தின் பலன் என்றுதான் சொல்ல வேண்டும்.

யாருடைய தவறு எதுவரை?

தண்டிக்கப்பட்ட ஆறு பேரும் ஊர்க்காரர்கள். அவர்கள் கத்தினார்கள், மறித்தார்கள். ஆனால் ஊர்க்காரர் ஒருவருக்கு அரசு ஊழியரை இடமாற்றம் செய்யும் அதிகாரம் கிடையாது. அவர்களிடம் இருந்தது கோபமும் சாதித் திமிரும் மட்டும். அந்தத் திமிர் அரசு முத்திரையோடு கூடிய உத்தரவாக மாற, அலுவலகத்தில் ஒரு கோப்பு திறக்கப்பட வேண்டும். ஒருவர் குறிப்பு எழுத வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் அதை அனுப்புகைப் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்க வேண்டும். சாதி தெருவிலிருந்து அலுவலகத்துக்குள் நுழையும் வழி இதுதான்.

இடமாற்ற உத்தரவுகளைப் படித்தவர்களுக்கு ஒரு தொடர் பழக்கமாக இருக்கும்: ‘நிர்வாக நலன் கருதி’. எந்த நிர்வாகம், யாருடைய நலன் என்று அதில் இருக்காது. ‘இவர் சாதியைக் காரணம் காட்டி ஊரார் எதிர்க்கிறார்கள், ஆகவே மாற்றுகிறோம்’ என்று எந்த அதிகாரியும் எழுத மாட்டார். எழுதினால் அது குற்ற ஒப்புதல். ஆகவே சாதிக்கு அலுவலக மொழியில் வேறு பெயர்கள் வைக்கப்படுகின்றன. சட்டம் ஒழுங்கு, பொது அமைதி, பெற்றோர் கோரிக்கை, மாணவர் நலன்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய தந்திரமும் அல்ல. உத்தராகண்ட் மாநிலம் சம்பாவத் மாவட்டத்தில் சுகிதாங் அரசுப் பள்ளியில் 2021 டிசம்பரில் இதே கதை நடந்தது. தலித் சமையலர் சமைத்ததை ஆதிக்க சாதி மாணவர்கள் சாப்பிட மறுத்தார்கள். சமையலர் நீக்கப்பட்டார். காகிதத்தில் சொல்லப்பட்ட காரணம், நியமனத்தில் நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பது. பிறகு தலித் மாணவர்கள் புதிதாக வந்த ஆதிக்க சாதிச் சமையலரின் சாப்பாட்டை மறுத்தார்கள். விஷயம் நாடு முழுக்கப் பேசுபொருளானதும் அந்தச் சமையலருக்கே மீண்டும் வேலை கொடுக்கப்பட்டது. அப்படியானால் அந்த நடைமுறைக் குறை எங்கே போயிற்று?

இத்தனைக்கும் பள்ளிச் சமையலறை விஷயத்தில் சட்டம் மௌனமாக இல்லை. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி போட்ட உத்தரவில், மதிய உணவுச் சமையலர், உதவியாளர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொல்லியிருக்கிறது. ஒரே பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிட்டால் சாதி கரையும் என்ற எண்ணம் அதன் பின்னால் உண்டு. பந்தியில் யார் உட்காருவது என்பது ஓரளவு தீர்ந்துவிட்டது. கரண்டி யார் கையில் என்பது தீரவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவான சில நாட்களில், கரூர் மாவட்டம் வேலஞ்செட்டியூர் பள்ளியில் தலித் பெண் சமைப்பதற்குச் சில பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். மாவட்ட ஆட்சியர் நேரே போனார். அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். எதிர்த்தவர்களிடம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு வரும் என்றார். சமையலரை இடமாற்றம் செய்யவில்லை. அதிகாரிகள் சாப்பிடுவது படம் பிடிக்க வசதியான காட்சி என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. நமக்கும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் உண்டு. இருந்தாலும் முதல் நாளில் அலுவலகம் யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் ஊருக்குப் போகும் தகவல். திருமலைக்கவுண்டன்பாளையத்துக்கு ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன முதல் தகவல், கூட்டம் கூடினால் கேட்டது கிடைக்கும் என்பது. சப் கலெக்டர் அனுப்பிய இரண்டாவது தகவல்தான் சரியானது. ஆனால் அது தெருவில் உட்கார்ந்து வாங்கப்பட்டது.

பனியன் கம்பெனிக்குத் தெரிந்தது

இந்த மாவட்டத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். செக்கிங்கில் ஒரு பீஸில் தையல் விட்டிருந்தால், அது எந்தக் கட்டைச் சேர்ந்தது, எந்த டெய்லர் தைத்தது என்று கண்டுபிடித்து அவரிடமே திருப்பிக் கொடுப்பார்கள். வெளிநாட்டு பையர் ஆடிட் வருகிறார் என்றால் சம்பளப் பதிவேடு முதல் தீயணைப்புக் கருவி வரை எல்லாவற்றுக்கும் தாள் காட்ட வேண்டும். அந்த ஆடிட்டிலும் ஏமாற்று உண்டு. ஆடிட் வரும் நாளுக்கென்று தனியாகச் சொல்லிக்கொடுக்கப்படும் பதில்களும் உண்டு. தொழிலாளர்களுக்கு அது தெரியும். ஆனாலும் ஒரு டி-சர்ட்டுக்குப் பதில் சொல்ல ஆள் உண்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு மனுஷியின் பிழைப்பை மாற்றிய உத்தரவுக்கும் அப்படி ஆள் வேண்டாமா?

உண்மையில் அரசு அலுவலகத்தில் பனியன் கம்பெனியை விடப் பழைய ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் குறிப்புப் பகுதி உண்டு. யார் என்ன பரிந்துரைத்தார், யார் ஒப்புக்கொண்டார், எந்தத் தேதியில் என்று கையெழுத்தோடு இருக்கும். ஆள் தெரியாமல் இல்லை. நம் கண்ணுக்குக் காட்டப்படாமல் இருக்கிறது, அவ்வளவுதான். அதைக் காட்டச் சொல்வதற்குத்தான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கும் எட்டு ஆண்டுகள் முன்பு, 1997லேயே, இந்தியாவில் முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. விதிவிலக்குகள் நிறைந்த, வலுவில்லாத சட்டம் என்றாலும் முதல் சட்டம் நம்முடையது.

தகவல் உரிமைச் சட்டத்தில் 4ஆம் பிரிவை நம் ஊர்களில் அதிகம் பேர் படிப்பதில்லை. எல்லோரும் 6ஆம் பிரிவுக்கு, அதாவது விண்ணப்பம் போடுவதற்கு, நேராகப் போய்விடுகிறார்கள். 4ஆம் பிரிவின் உட்பிரிவு ஒன்று சொல்கிறது: நிர்வாக முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முடிவுக்கான காரணங்களை அலுவலகம் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கொடு என்பதல்ல. கொடுக்க வேண்டியது அலுவலகத்தின் கடமை. ஓர் இடமாற்றம், ஒரு பட்டா ரத்து, வீடு ஒதுக்கீட்டுப் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீக்கம், எதுவானாலும் இது பொருந்தும். ‘நிர்வாக நலன் கருதி’ என்ற மூன்று சொல் காரணமாகாது என்று வாதாட இந்த ஒரு வரி போதும்.

கேட்கும் விதம்

கல்லூரி மாணவர்கள் எழுதும் விண்ணப்பங்கள் சில நம் பார்வைக்கு வருகின்றன. கோபம் நியாயமாக இருக்கும். கேள்வி வீணாகிப் போகும். ‘எங்கள் காலனிக்கு ஏன் தெருவிளக்கு போடவில்லை?’ என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் தகவல் என்கிறது சட்டம். ஆகவே ‘ஏன்’ என்று கேட்காமல் தாளைக் கேட்க வேண்டும். தெருவிளக்கு கோரி நாங்கள் கொடுத்த மனு இன்ன தேதி; அதன் மீது தொடங்கப்பட்ட கோப்பின் குறிப்புப் பக்கங்கள் உட்பட முழு நகல் வேண்டும்; இன்று அந்தக் கோப்பு எந்த அலுவலர் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது; அந்த அலுவலரின் பதவி என்ன. இப்படிக் கேட்டால், ‘ஏன்’ என்பதற்கான பதில் அந்தத் தாளிலேயே இருக்கும். இல்லையென்றால், அதுவும் ஒரு பதில்தான்.

திருமலைக்கவுண்டன்பாளையம் போன்ற சம்பவம் நாளை நம் ஊரில் நடந்தால் கேட்க வேண்டியதும் அப்படித்தான். இடமாற்ற உத்தரவின் நகல், அதற்கு முந்தைய குறிப்பு, இடமாற்றம் கோரி வந்த மனு ஏதேனும் இருந்தால் அதன் நகல், மேலதிகாரிக்கு அனுப்பிய அறிக்கை. எழுத்தில் மனுவே இல்லாமல் உத்தரவு வந்திருந்தால், வாய்மொழியாக யார் சொல்லி வந்தது என்ற கேள்வி தானாக எழும். கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ நடத்தும் அமைதிப் பேச்சுவார்த்தைகளுக்கும் இது பொருந்தும். குற்றம் செய்தவனையும் அடி வாங்கியவனையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, இரு தரப்பும் சம்மதித்ததாக எழுதி வாங்கும் அந்தத் தாளில் நம் ஆட்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அதன் நகலை அன்றே கேட்டு வாங்க வேண்டும்.

செலவு பெரிதல்ல. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதற்கும் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எவ்வளவு முறை போடுகிறார்கள் என்பது வேறு கதை. உண்மையான செலவு ஷிப்டுதான். ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஒருவர் ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு தடவை போய் வந்தால் அன்றைய கூலி போயிற்று. நாளைக்கு வா என்பது அவருக்கு அபராதம். அதனால்தான் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள் என்கிறோம். அஞ்சல் ரசீது ‘நாளைக்கு வா’ என்று சொல்லாது.

அதிகாரிக்கும் சட்டம் உண்டு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாம் பெரும்பாலும் ஊர்க்காரர்கள் மீதான சட்டமாகவே பார்க்கிறோம். அதன் 4ஆம் பிரிவு அரசு ஊழியரைப் பற்றியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவர்களின் கடமைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது. வாய்மொழிப் புகாரை எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, வழக்குப் பதிவது, நகல் கொடுப்பது, 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது. பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஊழியர் வேண்டுமென்றே இதில் தவறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, ஓராண்டு வரையிலான சிறை. இதே சட்டத்தில், அரசு ஊழியரே 3ஆம் பிரிவுக் குற்றத்தைச் செய்தால் குறைந்தது ஓராண்டு. பட்டியல் சாதியினரை ஒரு வேலை பார்க்க விடாமல் தடுப்பதும் அந்த 3ஆம் பிரிவில் இருக்கிறது.

ஆனால் 4ஆம் பிரிவுக்கு ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். துறை விசாரணை நடத்தி அதன் பரிந்துரை வந்தால்தான் அந்தப் பிரிவில் அதிகாரி மீது வழக்கு. விசாரணை நடத்துவது யார்? அதே நிர்வாகம். சாவியைப் பூட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய மாதிரி. அதைத் திறக்க, விசாரணை நடந்ததா, அறிக்கை என்ன சொன்னது என்று வெளியிலிருந்து யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படிக் கேட்கும் இடத்திலும் இப்போது ஒரு கல் விழுந்திருக்கிறது. 2023இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2025 நவம்பர் நடுவில், திருப்பூர் தீர்ப்புக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பு, நடைமுறைக்கு வந்தது. முன்பு, பொது நலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று அந்த உட்பிரிவிலேயே எழுதியிருந்தது. இப்போது தனிப்பட்ட தகவல் என்றாலே விலக்கு. கையெழுத்துப் போட்ட அலுவலர் யார் என்பதே தனிப்பட்ட தகவல் என்று மறுக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. நல்ல வேளையாக, இதே 8ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு அப்படியே இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொது நன்மை பெரிதென்றால் விலக்கு உள்ள தகவலையும் தரலாம். இனி எழுதும் விண்ணப்பங்களில் அந்த உட்பிரிவைக் குறிப்பிட்டு, தீண்டாமைக் குற்றம் தொடர்பான தகவல் ஏன் பொது நன்மைக்குரியது என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். பெயர் வேண்டாம், பதவி போதும் என்று கேட்பதும் ஒரு வழி.

கடைசியாக ஒன்று, மாவட்டத் தலைநகரில் நடக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி. 1995ஆம் ஆண்டு விதிகளின் 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அதிகாரிகள், அதிகாரிகள் அல்லாத உறுப்பினர்கள் அதில் இடம்பெற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். மாவட்டத்தில் பதிவான வன்கொடுமை வழக்குகள், கொடுக்கப்பட்ட நிவாரணம், அதிகாரிகள் சட்டத்தை எப்படி நிறைவேற்றினார்கள் என்பதையெல்லாம் அந்தக் கூட்டம் பார்க்க வேண்டும். திருப்பூர் 2009இல் தனி மாவட்டமானது. அன்றிலிருந்து கணக்குப் போட்டால் அறுபதுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும். எத்தனை நடந்தன, 2018 ஜூலைக்குப் பிறகு நடந்த முதல் கூட்டத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் பேசப்பட்டதா, பேசப்பட்டிருந்தால் ஒன்றிய அலுவலகத்தின் உத்தரவு பற்றி என்ன பதிவானது? கூட்டக் குறிப்பேடு ஒரு பதிவு; ஆகவே அது தகவல். மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். கேட்க வேண்டியது, குழு அமைக்கப்பட்ட ஆணையின் நகல், தற்போதைய உறுப்பினர் பட்டியல், 2018 முதல் இன்று வரை நடந்த ஒவ்வொரு கூட்டத்தின் தேதியும் குறிப்பும். பக்கத்துக்கு 2 ரூபாய்தான்.